சீட்டில் ‘ஃப்ளாக்சசின்’ என்று முடியும் மாத்திரை இருந்தால்: வாங்கும் முன்பும் விழுங்கும்போதும் செய்ய வேண்டியவை

போன கார்த்திகை மழையில் அம்மாவுக்குச் சளி பிடித்தது. இருமல், லேசான காய்ச்சல். பக்கத்துக் கிளினிக்கில் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாடிக்கை, 500 மி.கி., ஐந்து நாளைக்கு எழுதினார்கள். கூடவே ஒரு சத்து மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. எல்லாவற்றுக்கும் நேரே ‘காலை 1, சாப்பிட்ட பின்’. நானும் பொறுப்பான பிள்ளையாக, அம்மா வழக்கமாகப் போடும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து மொத்தமாக உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன். ஐந்து நாள் ஓடியது. காய்ச்சல் இறங்கவில்லை.

வேறோர் இடத்துக்குப் போனோம். பழைய சீட்டை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அங்கும் அதே மருந்துதான், வேறு கம்பெனிப் பெயரில், இந்த முறை ஏழு நாள். இழுப்பு இருக்கிறது என்று பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்தார்கள். வீட்டில் கால்சியம் தீர்ந்துபோயிருந்ததால் இந்தத் தடவை மருந்து தடையில்லாமல் உடம்பில் ஏறியது (ஏன் என்பது 6ஆம் படியில்). மூன்றாம் நாள் இரவு இரண்டரை மணிக்கு அம்மா வியர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்தார். அம்மா சர்க்கரை மாத்திரை போடுபவர். பார்த்தால் சர்க்கரை 54. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்று பயந்துகொண்டிருந்தோம், இது இறங்கிவிட்டது. ஆறாம் நாள் இடது குதிகாலுக்கு மேலே வலி. “நரம்பு இழுக்குது” என்றார். தைலம் தேய்த்துவிட்டு, மாத்திரையைத் தொடர்ந்தோம். அதன்பின் ஏழு வாரம் ஊன்றுகோல்.

மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா பார்க்க வந்தபோது நான்கே கேள்வி கேட்டார். “ஏம்ப்பா, கிட்னி டெஸ்ட் பாத்தியா? சுகர் மாத்திரை போடுறாங்கன்னு சொன்னியா? இதோட ஸ்டீராய்டு சேத்தாங்களா? கால்சியத்தை எப்பக் குடுத்தே?” இந்த நாலில் ஒன்றைக்கூட இரண்டு இடத்திலும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நாங்களும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

நான் டாக்டர் இல்லை. இந்த மருந்தைப் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இந்தக் கட்டுரையைப் பயன்படுத்தாதீர்கள். முடிவெடுப்பவரிடம் எதைச் சொல்லவேண்டும், எதைக் கேட்கவேண்டும், எழுதிக் கொடுத்த பிறகு வீட்டில் எப்படிக் கொடுக்கவேண்டும் என்பதற்கு மட்டும்.

1. முதலில் ஆளை அடையாளம் காணுங்கள்

கம்பெனிப் பெயர் ஆயிரம் இருக்கும். அதை விடுங்கள். அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் என்று ‘ஃப்ளாக்சசின்’ வாலோடு முடிந்தால் அது ஃப்ளூரோகுயினலோன் என்ற ஆண்டிபயாடிக் குடும்பம். ஒருவரோடு ஒத்துப்போகாதவர் மற்றவரோடும் கவனமாக இருக்கவேண்டும். எல்லாம் அண்ணன் தம்பிகள்.

வயிற்றுப்போக்குக்குக் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தருவார்களே, அந்தக் கலப்பு மாத்திரையும் பெரும்பாலும் இதுதான்: நார்ஃப்ளாக்சசினோடு டினிடசோல், அல்லது ஆஃப்ளாக்சசினோடு ஆர்னிடசோல். பலர் இதை ஆண்டிபயாடிக் என்றே நினைப்பதில்லை, ‘லூஸ் மோஷன் மாத்திரை’ என்றுதான் சொல்கிறார்கள். “சமீபத்தில் ஆண்டிபயாடிக் எதாவது சாப்பிட்டீர்களா?” என்று டாக்டர் கேட்டால் “இல்லை” என்று பதில் வருவது இப்படித்தான்.

2. ‘இது எனக்கு அவசியமா?’ என்று கேளுங்கள்

கேட்கலாம். தப்பில்லை. நான் இப்போது கேட்கிற விதம் இது: “டாக்டர், அம்மாவுக்குப் போன தடவை இந்த வகை மருந்தில் சிரமம் வந்தது. வேறு எதாவது கொடுக்க முடியுமா, இல்லை இதுதான் வேண்டுமா?” யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இது உதவாத மருந்து என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். சிறுநீரகம் வரை ஏறிய தொற்று, ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் தொற்று, சில வகை நிமோனியா, எலும்பில் பிடித்த சீழ் என்று இது கைகொடுக்கும் இடங்கள் நிறைய. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு லீவோவும் மாக்சியும் முக்கியமான ஆயுதங்கள். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இவற்றைக் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டிய பட்டியலில் வைத்திருக்கிறது. அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் சொன்னதும் இதே தோரணையில்தான்: சாதாரண சைனஸ், மூச்சுக்குழாய் அழற்சி, சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு வேறு வழி இருந்தால் இதைத் தொடவேண்டாம். 2024 ஜனவரியில் பிரிட்டன் இன்னும் இறுக்கிவிட்டது. மற்ற ஆண்டிபயாடிக்குகள் பொருந்தாதபோதுதான் இது என்றது.

நம் வீடுகளில் இது தேவையில்லாமல் நுழையும் இடங்களை மட்டும் சொல்கிறேன். வைரஸ் காய்ச்சல், சளி, டெங்கு: எந்த ஆண்டிபயாடிக்கும் வைரஸைத் தொடாது. சாதாரண வயிற்றோட்டம்: உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து, இரத்தம் கலந்து போனாலோ கடும் காய்ச்சல் இருந்தாலோ டாக்டர் பார்க்கட்டும். டைபாய்டு: ஒரு காலத்தில் சிப்ரோ இதற்கு ராஜா; இப்போது தெற்காசியாவில் டைபாய்டுக் கிருமிகள் பெரும்பாலும் அதற்கு மசிவதில்லை. வைடல் என்ற இரத்த டெஸ்ட் ஒன்றை மட்டும் வைத்து டைபாய்டு என்று சொல்லி சிப்ரோ எழுதினால், இரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எடுக்கலாமா என்று கேளுங்கள். வைடல் ஏமாற்றும்.

அப்புறம் இருமல். இதில் கொஞ்சம் நின்று படியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், ஃப்ளாக்சசின் தொடங்கும் முன்பே சளிப் பரிசோதனை கேளுங்கள். இந்த மருந்துக்குக் காசநோய்க் கிருமியையும் அடிக்கும் சக்தி உண்டு. ஆனால் தனியாகக் கொடுத்தால் கொல்லாது, மயக்கி வைக்கும். இருமல் குறைந்த மாதிரி இருக்கும், பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகும், நோய் உள்ளேயே வளரும்; போதாக்குறைக்குக் கிருமி இந்த மருந்தையும் பழகிக்கொள்ளும். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்குக் காசு இல்லை. காசநோய்க்கான இலவச உதவி எண் 1800-11-6666.

3. ஒரு தாள் எழுதுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். கணினி வேண்டாம், கணக்கு நோட்டிலிருந்து ஒரு பக்கம் கிழித்தால் போதும். வயது, எடை, கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த டெஸ்ட், தேதியோடு), அதன் கீழே தினமும் போடும் எல்லா மருந்தும். ‘எல்லாம்’ என்றால் கால்சியம், இரும்புச்சத்து, கேஸ் திரவம், மூட்டு வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட. அதற்கும் கீழே கடந்த மூன்று மாதத்தில் சாப்பிட்ட ஆண்டிபயாடிக்குகள். டாக்டர் பேனாவை எடுக்கும் முன் இதை மேசைமேல் வையுங்கள். எழுதி முடித்த பிறகு நீட்டினால் பாதிப் பயன் போய்விடும்.

கீழே உள்ளவற்றில் எது உங்களுக்குப் பொருந்துகிறதோ அதைத் தாளில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

சர்க்கரை மாத்திரை, குறிப்பாக கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை, அல்லது இன்சுலின். ஃப்ளாக்சசின் சேர்ந்தால் சர்க்கரை தாறுமாறாக ஆடும். சட்டென்று விழவும் செய்யும். காய்ச்சலில் சாப்பாடு குறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஸ்டீராய்டு. பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன், டெஃப்லசகார்ட் என்ற பெயர்களில் வரும். 60 வயதைத் தாண்டியவர், ஸ்டீராய்டு எடுப்பவர், சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று செய்துகொண்டவர்: இந்த மூன்று பேருக்கும் குதிகால் தசைநாண் பழுதாகும் அபாயம் கூடுதல். அம்மாவுக்கு முதல் இரண்டும் இருந்தது.

முதுகுவலி மாத்திரையில் டைசானிடின் இருக்கிறதா பாருங்கள். அசிக்ளோஃபெனாக்கோடு கலந்து ஏகப்பட்ட பேர் விழுங்குகிறார்கள். சிப்ரோஃப்ளாக்சசினோடு டைசானிடின் கூடவே கூடாது. இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழ வைக்கும். இதில் ‘கொஞ்சம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சே கிடையாது.

ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் கலந்த மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும். முன்னதன் அளவைச் சிப்ரோ உடம்பில் ஏற்றிவிடும். பின்னதில் இரத்தக்கசிவு வரலாம், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் டெஸ்டைச் சீக்கிரமே திரும்பப் பார்க்கவேண்டும்.

இதயத் துடிப்பின் லயத்தைப் பாதிக்கும் மருந்துகள் இன்னொரு கூட்டம். அசித்ரோமைசின், வாந்திக்குக் கொடுக்கும் ஆண்டான்செட்ரான், கேஸ் மாத்திரையோடு ஒட்டிக்கொண்டு வரும் டோம்பெரிடோன், ஹைட்ராக்சிகுளோரோகுயின் எல்லாம் இதில் வரும். ஈசிஜியில் ஏற்கெனவே கோளாறு என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.

வலிப்பு நோய், மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோய், பெருந்தமனி வீக்கம் (குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலும்), ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பிறவிக் குறை), கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, 18 வயதுக்குக் கீழ். இவற்றில் எது இருந்தாலும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கவேண்டிய நேரங்களும் உண்டு, ஆனால் அதை முடிவு செய்வது குழந்தை மருத்துவர். போன வருஷ சிரப் மிச்சத்தைத் தேடி எடுப்பவர் அல்ல.

4. முதல் மாத்திரைக்கு முன்பே டெஸ்ட்

செலவைப் பார்த்துப் பலர் தாண்டிப் போகும் படி. எங்கள் ஊர் லேபில் நான் கொடுத்தது கிரியேட்டினினுக்கு 150 ரூபாய், யூரின் கல்ச்சருக்கு 650 ரூபாய். இதை மிச்சம் பிடிக்கப் போய், பிறகு கணுக்கால் ஸ்கேன், எலும்பு டாக்டர், பிசியோதெரபி, ஆட்டோ என்று பதினோராயிரத்தைத் தாண்டியது. அரசு மருத்துவமனையில் இந்த டெஸ்டுகள் இலவசம். அரை நாள் காத்திருக்கும் பொறுமை இருந்தால் போதும்.

கிரியேட்டினினில் ஒரு பொறி இருக்கிறது. அம்மாவுக்கு 1.1 என்று வந்தது. அறிக்கையில் நட்சத்திரக் குறி எதுவும் இல்லை, ‘நார்மல்’. சித்தப்பா ஒரு பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டார். 140இலிருந்து வயதைக் கழி. 67 வயதுக்கு 73. அதை எடையால் பெருக்கு. 52 கிலோ, ஆக 3,796. அதை 72 பெருக்கல் 1.1 என்ற எண்ணால் வகு. பெண்ணாக இருந்தால் 0.85ஆல் பெருக்கு. விடை ஏறக்குறைய 41. சிறுநீரகம் வடிகட்டும் வேகம் இது, நிமிடத்துக்கு இத்தனை மி.லி. என்று. லீவோஃப்ளாக்சசினுக்கு இது 50க்குக் கீழே போனாலே அளவைக் குறைக்கவேண்டும். அம்மா முழு அளவை விழுங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் கணக்குப் போட்டு நீங்களே மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள். “வயசுக்கும் எடைக்கும் சேர்த்துப் பார்த்தீங்களா டாக்டர்?” என்று கேட்க இந்தக் கணக்கு போதும்.

சிறுநீர்த் தொற்று என்றால் யூரின் கல்ச்சர். மாத்திரை ஒன்று உள்ளே போய்விட்டாலும் முடிவு கெட்டுவிடும், அதனால் முதலில் மாதிரி, பிறகு மருந்து. லேபில் கொடுக்கும் சுத்தமான டப்பாவில், முதல் சொட்டுகளை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடியுங்கள். டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகவேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் (ஃபிரீசரில் இல்லை). முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை தாங்காது என்று டாக்டர் ஏதாவது தொடங்கலாம், அது சரி. ஆனால் மூன்றாம் நாள் அறிக்கையை வாங்கி மறுபடி காட்டவேண்டியது உங்கள் வேலை. மருந்துப் பெயருக்கு நேரே ‘எஸ்’ இருந்தால் கிருமி அடங்கும், ‘ஆர்’ இருந்தால் அடங்காது. நம் நாட்டில் சிப்ரோவுக்கு நேரே ‘ஆர்’ வருவது சர்வசாதாரணம். அப்படி வந்த பிறகும் மிச்ச மாத்திரையை முடிப்பதில் அர்த்தமில்லை, ஃபோனாவது போடுங்கள்.

5. கடையில்

லீவோவும் மாக்சியும் 2014 மார்ச் முதல் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும். சிப்ரோ, ஆஃப்ளோ ஆகியவற்றுக்கும் சீட்டு கட்டாயம்தான். நடைமுறையில் “அண்ணே, மூணு மாத்திரை குடுங்க” என்றால் பல இடங்களில் கிடைத்துவிடும். கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள்.

விலை பெரிய சுமை இல்லை. சிப்ரோ 500 மாத்திரை ஒன்று நாலைந்து ரூபாய்க்கு அக்கம்பக்கம். மக்கள் மருந்தகத்திலும், தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் இன்னும் குறைவாகக் கிடைக்கும். மலிவு என்பதுதான் இதை மிட்டாய் மாதிரி ஆக்கியதோ என்று சில சமயம் தோன்றுகிறது.

அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயரும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முழு அட்டையையும் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் வாங்குங்கள். இவை எதற்கு என்று 9ஆம் படியில் தெரியும்.

6. நேர அட்டவணை: எல்லோரும் சறுக்குமிடம்

ஃப்ளாக்சசின் மாத்திரை வயிற்றில் கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், இரும்பு, துத்தநாகம் எதைச் சந்தித்தாலும் அதோடு ஒட்டிக்கொண்டு கட்டியாகி, இரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடும். நீங்கள் மருந்து சாப்பிட்டதாக நினைப்பீர்கள். கிருமிக்குத் தகவலே போயிருக்காது.

இந்த உலோகங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன? கால்சியம் மாத்திரை, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் இளஞ்சிவப்புத் திரவம், புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட், குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜிங்க். இவை தெரிந்தவை. தெரியாதது, ஆண்டிபயாடிக்கோடு கூடவே எழுதப்படும் அந்த பி காம்ப்ளெக்ஸ் சத்து மாத்திரை. அதில் பலவற்றில் துத்தநாகம் இருக்கிறது. ஒரே சீட்டில் மேலும் கீழுமாக எழுதப்பட்டு, ஒரே கவரில் போடப்பட்டு, ஒரே மடக்குத் தண்ணீரில் இறங்குகிறது. பாலில் கலக்கும் சத்துபானப் பொடிகளிலும் கால்சியம், இரும்பு சேர்த்திருப்பார்கள். கேழ்வரகில் கால்சியம் ஏராளம். கூழை இரண்டு மணி நேரம் தள்ளி வைப்பது என் பழக்கம்.

பான்டோப்ரசோல் மாதிரி தனி மாத்திரையில் இந்தச் சிக்கல் இல்லை. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இடைவெளி மருந்துக்கு மருந்து வேறு. லீவோ என்றால் இந்தப் பொருட்களுக்கு இரண்டு மணி முன்போ இரண்டு மணி பின்போ. சிப்ரோ என்றால் இரண்டு மணி முன்பு, அல்லது ஆறு மணி பின்பு. மாக்சிக்கு நாலு மணி முன்பு, எட்டு மணி பின்பு.

இதை வீட்டு நேரமாக மாற்றிப் பார்த்தால்தான் பிடிபடும். லீவோ தினம் ஒருவேளை. நான் இப்போது காலை 11 மணியைத் தேர்ந்தெடுப்பேன். 8 மணிக்கு இட்லி, 11க்கு லீவோ, சத்து மாத்திரை பகல் சாப்பாட்டோடு 2 மணிக்கு, கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. 9 முதல் 1 வரை கேஸ் திரவம், இரும்பு எதுவும் கிடையாது. அவ்வளவுதான்.

சிப்ரோ இருவேளை, அது கொஞ்சம் தகராறு. காலை 8, இரவு 8 என்று வைத்தால், கால்சியத்துக்குக் கிடைக்கும் சந்து பகல் 10 முதல் 2 வரைதான். 2 மணிக்கு மேல் போட்டால் இரவு மாத்திரை வீணாகும். ஒரு வாரம் கால்சியத்தையும் சத்து மாத்திரையையும் நிறுத்திவைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுவதே சுலபம். நான் கேட்டபோது “தாராளமா நிறுத்துங்க, ஒரு வாரத்துல எலும்பு தேஞ்சுடாது” என்றார். ஆனால் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இரத்தசோகையுள்ள கர்ப்பிணிக்கு இரும்பை நிறுத்துவது வேறு கதை.

பால், தயிர்? சிப்ரோவைப் பாலோடோ தயிரோடோ மட்டும் விழுங்கக்கூடாது. சாப்பாட்டின் ஒரு பங்காகத் தயிர் இருந்தால் பரவாயில்லை. தயிர்சாதம் ஒன்றே சாப்பாடு என்றால் நான் அதைப் பால் கணக்கில்தான் சேர்ப்பேன், தள்ளி வைப்பேன். லீவோவுக்கும் மாக்சிக்கும் பால் அவ்வளவு தொந்தரவு இல்லை.

காபி. சிப்ரோ எடுக்கும்போது காபியின் காஃபீன் உடம்பை விட்டு லேசில் போகாது. வழக்கமான மூன்று டம்ளர் ஆறு டம்ளராக வேலை செய்யும், படபடப்பு, தூக்கமின்மை. ஒரு டம்ளரோடு நிறுத்துவது நல்லது.

மறந்துவிட்டால்: லீவோவில் அடுத்த வேளைக்கு எட்டு மணிக்கு மேல் இருந்தால் நினைவு வந்தவுடன் போடலாம், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சிப்ரோவுக்கு அது ஆறு மணி. எந்தக் காரணத்துக்கும் இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடாதீர்கள்.

7. மாத்திரை ஓடும் நாட்களில்

தண்ணீர் நிறையக் குடியுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு டாக்டர் சொன்ன அளவு. வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், சிவக்கும். வயல் வேலை, கட்டட வேலை செய்பவர்கள் முழுக்கைச் சட்டை போடவேண்டும். முதல் நாள் தலைசுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டி எடுங்கள். நடைப்பயிற்சி பரவாயில்லை, ஓட்டம், ஸ்கிப்பிங், ஜிம் வேண்டாம்.

சர்க்கரைக்காரர் என்றால் தினம் இரண்டு முறையாவது விரலில் குத்திப் பாருங்கள், ஒன்று படுக்கப் போகும் முன். குளுக்கோஸோ பனங்கற்கண்டோ தலைமாட்டில் இருக்கட்டும். வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக் வகையறாவை நீங்களாகச் சேர்க்காதீர்கள். அவை சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது.

8. எப்போது நிறுத்தவேண்டும்

“ஆண்டிபயாடிக் கோர்ஸை முழுசா முடிக்கணும்” என்ற பாடம் நமக்கு நன்றாகப் பதிந்திருக்கிறது. அந்தப் பாடத்தாலேயே அம்மா குதிகால் வலியோடு ஏழாம் நாள் மாத்திரையையும் விழுங்கினார். கீழே சொல்பவை வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். தொற்றுக்கு வேறு மருந்து தருவார்.

குதிகாலுக்கு மேலோ, தோளிலோ, மணிக்கட்டிலோ புதிதாக வலி, வீக்கம். தைலம் தேய்க்காதீர்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள், அந்தக் காலில் பாரம் கொடுக்காதீர்கள். இது இரண்டு நாளிலும் வரலாம், மருந்து முடிந்து சில மாதம் கழித்தும் வரலாம். ‘மாத்திரை முடிஞ்சு மூணு வாரம் ஆச்சே’ என்று தள்ளிவிடக்கூடாது. கை கால் விரல்களில் எரிச்சல், மரத்துப்போதல், ஊசி குத்தல். ஆள் குழம்பிப் பேசுவது, தேவையில்லாத பயம், இரவெல்லாம் விழிப்பு. வயதானவர்களிடம் இதை ‘வயசாச்சு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். மருந்து முடிந்து ஓரிரண்டு மாதத்துக்குள் விடாத வயிற்றோட்டம் வந்தாலும் இந்த மருந்தைச் சாப்பிட்டதைச் சொல்லுங்கள்.

ஃபோன் போட்டுக்கொண்டிருக்காமல் நேரே 108ஐக் கூப்பிட வேண்டியவை: நெஞ்சிலோ முதுகிலோ வயிற்றிலோ திடீரென்று தாங்கமுடியாத வலி, படபடத்து மயங்கி விழுவது, வலிப்பு, முகமும் உதடும் வீங்கி மூச்சுத் திணறுவது, சர்க்கரை கொடுத்தும் தெளியாத மயக்கம்.

9. பக்கவிளைவைப் பதிவு செய்யுங்கள்

இப்படி ஒரு வசதி இருப்பதே எனக்குத் தெரியாது. இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024, வேலை நாட்களில் காலை 9 முதல் மாலை 5.30 வரை. நோயாளிகளே நிரப்பக்கூடிய படிவம் தமிழிலும் உண்டு. பல மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. மருந்தியல் துறையில் விசாரியுங்கள்.

கேட்கப்படுபவை: நோயாளியின் பெயர் முதலெழுத்துகள், வயது, மருந்தின் பெயர், பேட்ச் எண், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, என்ன நடந்தது, கூடவே சாப்பிட்ட வேறு மருந்துகள். அட்டையையும் பில்லையும் அதற்குத்தான் பத்திரப்படுத்தச் சொன்னேன். நான் அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டிருந்தேன். பேட்ச் எண்ணுக்காகப் பில்லைத் தேடி அரை நாள் போனது. மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்கவேண்டியதில்லை, சந்தேகம் போதும். செலவு இல்லை. இழப்பீடும் கிடைக்காது, அது வேறு விஷயம்.

பிறகு 3ஆம் படியில் எழுதிய அந்தத் தாளின் தலையில் ‘ஃப்ளூரோகுயினலோன் ஒவ்வாது, லீவோஃப்ளாக்சசினில் குதிகால் தசைநாண் பாதிப்பு’ என்று மாதம், வருஷத்தோடு எழுதுங்கள். அதை லேமினேட் செய்ய எனக்கு 20 ரூபாய் ஆனது. அம்மாவின் சுருக்குப் பையில் ஆதாரோடு இருக்கிறது.

10. மிச்சமும் சொட்டுமருந்தும்

மிஞ்சிய மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், அடுத்த காய்ச்சலுக்கு என்று வைக்காதீர்கள். கழிப்பறையிலோ சாக்கடையிலோ கொட்டவும் கூடாது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரிலேயே லிட்டருக்கு 31 மி.கி. வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட நீரில் பழகும் கிருமிகள்தான் மருந்துக்கு அடங்காமல் திரும்பி வருகின்றன. காலாவதியான மருந்து வீட்டு அபாயக் கழிவில் சேரும். தனிக் கவரில் கட்டி, சொல்லி, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் போடும் சிப்ரோ, மாக்சி சொட்டுகள் இரத்தத்தில் அதிகம் சேர்வதில்லை, மேலே சொன்ன பயங்கள் பெரும்பாலும் அவற்றுக்குப் பொருந்தாது. ஆனால் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டாக்டர் சொன்ன நாளைத் தாண்டிப் போட்டால் கண் அழுத்தம் ஏறும். புட்டியைத் திறந்த தேதியை மேலே பேனாவால் எழுதி, ஒரு மாதத்தில் தூக்கிப் போடுங்கள். அம்மாவின் மருந்து டப்பாவைக் கொட்டிப் பார்த்தபோது இப்படி மூன்று புட்டிகள் கிடைத்தன. ஒன்றின் காலாவதித் தேதி 2021. “கண்ணு உறுத்துச்சுன்னா ஒரு சொட்டு விட்டுக்குவேன்” என்றார்.